மொழிபெயர்ப்பாளர்: பேரன், வயது 12

இங்கிலாந்து ஆஸ்பத்திரியளில எங்கட சனத்துக்கு நடக்கிற 'நோயாளிக்கு விளக்கம் குடுக்கிறது' எண்ட கூத்தைப் பற்றி எழுதாமல் இருக்க ஏலாது.

முடக்குவாதம் எண்டு கண்டுபிடிச்சால் இங்க பெரும்பாலும் மெதோட்ரெக்சேற் குளிசையிலதான் தொடங்குவினம். கிழமையில ஒரேயொரு நாள் போடுற குளிசை. தவறி ஒவ்வொரு நாளும் போட்டால் எலும்பு மச்சை பழுதாகி ஆளே போகலாம். இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்ச வெள்ளைக்காரருக்கே இந்தப் பிழை நடந்து செத்திருக்கினம். அதாலதான் 2020 இல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எந்த நாளில போடுறது எண்டு மருந்துச்சீட்டில முழுசா எழுதவேணும், நோயாளிக்கு ஒரு எச்சரிக்கை அட்டையும் குடுக்கவேணும் எண்டு சொன்னது. நல்ல விசயம். ஆனால் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கு அந்த அட்டையால என்ன பிரயோசனம்?

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு நேர்ஸ் அரை மணித்தியாலம் விளக்கினவ. இரத்தப் பரிசோதனை, போலிக் அசிட், காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண் வந்தால் உடனே அறிவிக்கிறது, எல்லாம். பேரன் மொழிபெயர்த்தது ஒரு வரி: "அம்மம்மா, மருந்தை ஒழுங்காப் போடட்டாம்."

ஒழுங்கா எண்டால் எங்கட அம்மம்மாமாருக்கு ஒவ்வொரு நாளும்தானே! நல்லகாலம், பாமசியில நிண்டது தமிழ்ப்பெடியன், பிடிச்சிட்டான். பேரனில பிழையில்லை. 'கிழமை' எண்ட சொல்லே தெரியாத பிள்ளை அது. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவில 'விளக்கம் அளிக்கப்பட்டது' எண்டு சரி போட்டாச்சு.

யூலார் எண்ட ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு 2015 இலேயே சொல்லிப்போட்டுது: விளக்கம் ஆளுக்கேத்தமாதிரி இருக்கவேணும், வருத்தம் கண்டுபிடிக்கேக்குள்ளயும் மருந்து மாத்தேக்குள்ளயும் குடுக்கவேணும் எண்டு. ஆளுக்கேத்தது எண்டால் முதல்ல ஆளின்ர மொழிதானே?

எங்கட ஆக்களையும் சும்மா விட ஏலாது. "இன்ரப்பிரற்றர் வந்தால் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்" எண்டு மாமனாரைக் கூட்டிக்கொண்டு போற குடும்பங்கள் இருக்கு. இது கிழடுகட்டையளுக்கு மட்டும் வாற தேய்வு இல்லை. முப்பது வயசுப் பிள்ளையளுக்கும் வரும். உடம்பின்ர எதிர்ப்புச்சக்தியே மூட்டை அரிக்கிற வருத்தம். மெதோட்ரெக்சேற் போடேக்குள்ள கர்ப்பம் தரிக்கக்கூடாது. இதை மாமனார் மருமகளுக்கு எப்பிடிச் சொல்லுவார்? சொல்லமாட்டார். "பனிக்கு வந்தது, சித்தாலேப பூசச் சொல்லினம்" எண்டு முடிப்பார். சித்தாலேப சுகமாத்தான் இருக்கும், நான் வேண்டாம் எண்டேல்லை. அது மூட்டு அழியிறதை நிப்பாட்டாது.

இன்ரப்பிரற்றருக்கு என்.எச்.எஸ்.இல காசில்லை. எங்களைத் தெரியாத ஆளா, போனில கதைக்கிற ஆளாக்கூடக் கேக்கலாம். ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தவுடன போனடிச்சு "தமிழ் இன்ரப்பிரற்றர் வேணும்" எண்டு சொல்லுங்கோ. பெடியனைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ.