வன்னியில் இருந்து வந்த செய்தியை எதை வைத்து நம்பினோம்?

உக்ரைன் என்றாலும் காசா என்றாலும் இப்ப எங்கட பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குப் போர் உடனே வந்துவிடுகிறது. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டுக் காட்சிகளைப் போர்க்களப் படம் என்று பரப்பியதால், 2022 இல் அதைத் தயாரித்த நிறுவனமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ரஷ்ய விமானங்களை வீழ்த்திய மாவீரன் என்று கொண்டாடப்பட்ட 'கீவின் ஆவி' வெறும் கற்பனை என்று உக்ரைன் விமானப்படையே பிறகு சொன்னது. பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2009 இல் இதே பரீட்சையை எழுதியவர்கள் நாங்கள்.

2008 செப்டம்பரில் ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு அனுமதி இல்லை. சாட்சிகளை அப்புறப்படுத்தும் தரப்பின் கணக்கை உலகம் அப்பவே சந்தேகப்பட்டிருக்க வேணும். உள்ளே 70,000 பேர்தான் என்றது கொழும்பு. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட 2,90,000 பேர். எண்ணத் தெரியாமல் வந்த பிழையா அது? குறைத்துச் சொன்ன எண்ணை வைத்தே உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதியது.

உள்ளே இருந்த மருத்துவர்களின் கதையை இளம் ஆக்கள் ஆறுதலாகப் படிக்க வேணும். அவர்கள் அரச ஊழியர்கள். தங்கள் சம்பளக்காரனுக்கே பாதகமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னார்கள். அதைச் சொன்னதால் அவர்களுக்கு லாபம் எதுவும் இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் வேறு எதைச் சொல்வார்கள் என்று அரசு கேட்டது. அந்தக் கேள்வியை நாங்களும் ஒதுக்கக் கூடாது. ஆனால் புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணை வீச்சுக்கு உள்ளானதை, வழக்கமாக வாய் திறக்காத செஞ்சிலுவைச் சங்கமே வெளிப்படையாகச் சொன்னது. பாதுகாப்பு வலயத்துக்குள் விழுந்த குண்டுக் குழிகள் செய்மதிப் படங்களில் தெரிந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் இருந்து ஒரே விடயம் வந்தது. அதே மருத்துவர்கள் ஜூலையில் கொழும்பில் ஊடகங்களுக்கு முன் இருந்து, கணக்கைக் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். அப்போது அவர்கள் அரசின் காவலில் இருந்தார்கள். முதற்கூற்றுக்கு வைத்த அளவுகோலை இதற்கும் வைத்துப் பாருங்கள்.

இனி எங்கட பக்கம். தப்பி வர முயன்ற சனங்கள் மீது புலிகள் சுட்டதையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் அதே நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. அப்போது நான் பார்த்த தமிழ் ஒளிபரப்பு எதிலும் அது வரவில்லை. உறவினர் தொலைபேசியில் சொன்னால்கூட "உதை வெளியில கதைக்காதேங்கோ" என்பதுதான் பேச்சு. மே மாதம் எல்லாம் முடிந்த பிறகு, பிரபாகரன் தன் மரணச் செய்தியைத் தானே தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல ஒட்டுவேலைப் படம் போட்டு விற்றது தமிழ்நாட்டு இதழ் ஒன்று. எத்தனை வீட்டில் அதை வெட்டி வைத்தார்கள்!

இப்படியான ஒட்டுப்படங்களுக்கு விலை கொடுத்தது உண்மையான படங்கள்தான். கைதிகள் சுடப்படும் காணொளியை 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியதும், அது போலி என்றது கொழும்பு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் துறைசார் நிபுணர்கள் மூவரிடம் கொடுத்து ஆராய்ந்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். எங்கட ஊர்வலங்களின் கோபத்தால் அந்தக் காணொளி நிலைக்கவில்லை. அந்தச் சலிப்பூட்டும் பரிசோதனையால் நிலைத்தது.

கொல்லப்பட்டவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது நிபுணர் குழு. 70,000 க்கு மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது 2012 இல் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு. இரண்டும் ஒன்றல்ல. மே மாதக் கூட்டங்களில் மேடைக்கு மேடை எண் மாறுகிறது. எங்கே இருந்து எடுத்தீர்கள் என்று இங்கே பிறந்த பிள்ளை கேட்டால், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே தம்பி" என்று சமாளிக்கிறோம். அந்த இரண்டு அறிக்கைகளும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.