புல்வாருக்கு வெளியே

1

புதுச்சேரியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களின் பேனா புல்வாரைத் தாண்டுவதில்லை. பழைய நகரைச் சுற்றி நீள்வட்டமாக ஓடுகிற அந்தச் சாலைக்கு உள்ளே எல்லாம் தயாராக இருக்கிறது: கடல், காகிதப்பூ, மஞ்சள் சுவர், பிரெஞ்சுப் பெயர்ப்பலகை, கொஞ்சம் துய்ப்ளெக்ஸ், கொஞ்சம் ஆனந்தரங்கப் பிள்ளை. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையையோ ஒரு கவிதையையோ ஒரு சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம், முடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். புல்வாருக்கு வெளியே, மேற்கிலும் தெற்கிலும், மூன்று பஞ்சாலைகள் தலைமுறை தலைமுறையாக ஓடின என்பதும், அவற்றைச் சுற்றி ஒரு ஊரே உருவாகி இன்றும் இருக்கிறது என்பதும் இவர்களுடைய பிரக்ஞையில் ஏறவே இல்லை.

நான் காரைக்கால்காரன். நிர்வாக வரைபடத்தில் நாங்களும் புதுச்சேரிதான். நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தமிழ்நாடு கிடக்கிறது. புதுச்சேரி என்று யாராவது சொன்னால் அதில் தன் ஊர் சேர்த்தியா இல்லையா என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. வங்கிக் குமாஸ்தா உத்தியோகம் என்னை ஆறு வருஷம் முதலியார்பேட்டையில் குடிவைத்தபோது, அதே யோசனையோடு ஒரு பகுதி முழுவதும் வாழ்வதைக் கண்டேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்குள்ள உரிமை அந்த ஆறு வருஷம்தான். அதற்கு மேல் கொண்டாடவில்லை.

2

சவானா மில் 1820களின் கடைசியில் தொடங்கியது. பின்னால் அது சுதேசி மில் ஆயிற்று. 1890களில் கெப்ளே மில் வந்தது. அது பிறகு பாரதி மில். 1898ல் ரோடியர் மில். ஏ.எஃப்.டி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கைமாறிக் கைமாறி மூன்றும் கடைசியில் அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தன. 2011 டிசம்பர் 30ந்தேதி தானே புயல் ரோடியர் மில்லின் கூரையைப் பிய்த்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் லே-ஆஃப், அரைச் சம்பளம், வாக்குறுதி, உண்ணாவிரதம். 2020ல் மூடல் உத்தரவு. 2024ல் ரோடியர் மில் மைதானத்தில் தற்காலிகப் பேருந்து நிலையம் வைத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த வெளியூர்க்காரருக்கு அது வெறும் காலி மனை.

புல்வாருக்கு உள்ளே இதே காலத்தில் என்ன நடந்தது? பழைய கட்டடங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். வெள்ளையர் பகுதியோடு நிற்காமல் தமிழர் பகுதிக்கும் வந்தார்கள். வைசியாள் வீதி வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நல்ல வேலைதான். தூணும் திண்ணையும் உள்ள ஒரு தெரு இடிபடாமல் நின்றதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் இந்த மரபுப் பார்வை துரையின் மாளிகையில் புறப்பட்டு வணிகரின் திண்ணை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அடுத்த அடி எடுத்து வைத்தால் புல்வாரைக் கடந்தாக வேண்டும். கடந்தால் அங்கே பாதுகாக்கத் தக்க தூண் ஒன்றும் கிடையாது.

அதுதான் விஷயம். ஆலைப் பகுதியில் வீடுகள் நிலையாக நிற்பதில்லை. ஒரு போனஸில் கூரை ஓடாகும். ஒரு கல்யாணத்தில் முன்கட்டு அடமானம் போகும். தகப்பனாரின் கிராஜுவிட்டியில் மாடி எழும்பும். அந்த மாடி வாடகைக்குப் போகும். கட்டடத்தைப் பார்த்து வயசு சொல்கிறவர் இங்கே வந்தால் எல்லாமே நேற்றுக் கட்டியது என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் அந்தத் தெருக்களில் நூறு வருஷப் பழசு ஒன்று இருக்கிறது. கண்ணால் பார்க்கிற பொருள் அல்ல. நேரத்தை மனிதர்கள் பங்கிட்டுக்கொண்ட விதம் அது.

நான் குடிபோனபோது ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டிருந்தது. இருந்தும் அந்தத் தெருவில் காலை பதினோரு மணிக்கு யாரும் உரக்கப் பேசுவதில்லை. கத்தி விளையாடுகிற பையனைப் பக்கத்து வீட்டுக் கிழவி வாயில் விரல் வைத்து அடக்குவாள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவன் தூங்குகிற நேரம் அது. ராத்திரி ஷிப்டே இல்லாமல் போன பிறகும் அந்த விரல் வாய்க்குப் போனது. அதே தெருவில் அந்தத் தறிக்காரக் கிழவர்கள் தங்களுக்குள் பேசினால் தெருமுனை வரை கேட்கும். முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், காதும் மந்தம். பிறர் தூக்கத்துக்காகத் தெருவே அடங்குவதும், இரைச்சலோடு போட்டியிட்டுக் குரல் உயர்ந்ததும் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? இதற்கு எந்தக் காரை பூசுவீர்கள்?

3

நேரம் என்று நான் சொல்வது கவித்துவத்துக்காக அல்ல. அந்தப் பகுதி நேரத்துக்காக ரத்தம் சிந்தியிருக்கிறது.

1936 ஜூன் மாதம் பிரான்ஸில் லியோன் ப்ளும் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. ஜூன் 21ந்தேதி அங்கே வாரத்துக்கு 40 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஜூலை 30ந்தேதி, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம்கூட இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றும் எந்தத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டன என்று நம்முடைய பிரெஞ்சு ரசிகர்கள் யாராவது எழுதினால் தேவலை.

செத்தவர்களோடு விஷயம் முடியவில்லை. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டு முழுதும் ஓடுகிற ஆலையில் வாரத்துக்கு 54 மணி நேரம். அதை 48 ஆகக் குறைக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, அந்த மில் தெருக்கள் ஏறக்குறைய பத்து வருஷம் பக்கத்து நாட்டைவிட முன்னால் இருந்தன. இது ஒரு நகரத்தின் சரித்திரத்தில் சின்ன விஷயமா? மரபு நடை என்று சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த நடை இந்த இடத்துக்கு ஏன் வருவதில்லை?

காரைக்கால்காரனுக்கு இந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். 1861ல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியனுக்கும் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் கூலிகள் கப்பலேறினார்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். எங்கள் துறைமுகம் மனிதர்களின் வருஷங்களை மொத்தமாக ஏற்றுமதி செய்தது. அவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தன்னுடையது என்று கேட்க வழி இல்லை. எழுபது, எண்பது வருஷம் கழித்து அதே ஆட்சியின் கீழ் ஒரு கூட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலையும் வாங்கியது. இந்தத் தூரத்தை அளக்காமல் பிரெஞ்சிந்தியா என்று ஒன்றைப் பற்றிப் பேசுவது சோம்பேறித்தனம்.

4

இனி நம் இலக்கியத்துக்கு வருகிறேன். குற்றம் சுற்றுலாத் துறையோடு நிற்கவில்லை.

உழைக்கிறவர்களின் குடியிருப்பை எழுத நம்மிடம் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்று முற்போக்கு அச்சு. அதில் தொழிலாளி இருபத்துநாலு மணி நேரமும் தொழிலாளி. தூங்கும்போதும் முஷ்டியை மடக்கியே தூங்குவான். அவனுக்கு எட்டு மணி நேரம் வாங்கித்தந்தவர்களே மிச்சம் பதினாறு மணி நேரத்தில் அவனுக்குக் கதையில் இடம் தர மறுத்துவிட்டார்கள். இந்த அச்சிலிருந்து தப்பிய படைப்புகள் இல்லாமல் இல்லை. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளர்களையும், டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) தோல்ஷாப்புத் தொழிலாளர்களையும் அவர்கள் வேலையோடு சேர்த்துப் பார்த்தவை. வேலை என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் ஓய்வு என்னவென்றும் தெரியும்.

இன்னொன்று நம்முடைய அச்சு. நவீனத்துவம் என்ற பெயரில் நாம் கொண்டுவந்தது. அதில் இப்படிப்பட்ட பகுதி ஒரு சாக்கடை, ஒரு சாராயக் கடை, ஒரு கத்தி, ஒரு வேசி. அங்கே யாரும் வேலைக்குப் போவதில்லை. எல்லோரும் இருட்டில் நின்றுகொண்டிருக்கிறார்கள். நம் சினிமாவும் வடசென்னையிலிருந்து வெகுகாலம் இந்தக் கத்தியைத்தான் எடுத்துவந்தது. 2021ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ அங்கே தலைமுறையாக வந்த ஒரு வித்தையும் அதற்கொரு பெருமையும் உண்டு என்று காட்டியபோது ஜனங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அதுவரை நாம் எதை மறைத்தோம் என்பதற்கு அளவு. இருளைக் காட்டுவது யதார்த்தம் ஆகிவிடாது. இருட்டில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஒருவன் ஷிப்டுக்குப் போகிறானே, அவனைப் பார்க்கத் தெரியாத யதார்த்தம் வெறும் ருசி.

ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ரிச்சர்ட் ஹாகர்ட் 1957ல் எழுதிய புத்தகத்தில், தான் வளர்ந்த லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட்டைப் பற்றிப் பேசுகிறார். அடுக்களை, கிளப், வாரக் கடன், பாட்டு, பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் இலக்கியம் படிக்கிற அதே கவனத்தோடு படிக்கிறார். கொஞ்சம் ஏக்கமும் அதில் உண்டு; அதை அங்குள்ளவர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு விமர்சகன் தன் கருவியை ஒரு தெருவின் மேல் பிரயோகித்தான். நாமோ கருவியைத் தீட்டித் தீட்டிப் பக்கத்து விமர்சகன் மேல் மட்டும் பிரயோகிக்கிறோம்.

5

இதையெல்லாம் சொன்னால் ஏக்கம் என்பார்கள். இல்லை. ஆலைப் பகுதி ஒற்றுமையின் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் 1918ல் தொடங்கிய தொழிலாளர் சங்கம் இந்தியாவிலேயே முதன்முதலானவற்றுள் ஒன்று. மூன்றே வருஷத்தில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சாதி இந்துத் தொழிலாளர்களும் புளியந்தோப்பில் மோதிக்கொண்டார்கள். ஒரே எந்திரத்தின் முன் நின்றவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவில்லை. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். தகப்பன் முதல் ஷிப்டு, மூத்தவன் இரண்டாம் ஷிப்டு, மருமகன் ராத்திரி ஷிப்டு என்றால் அந்த வீட்டு அடுப்பு மூன்று ஷிப்டும் எரியும். அடுப்படியில் நின்றவளை 1937ஆம் வருஷத்துச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. நேரம் என்ற கேள்வியைக் கையில் எடுத்தால் இந்த அநியாயங்களும் கூடவே வெளிப்படும். சுவரைப் பாதுகாக்கிற மரபுப் பார்வைக்கு இந்தச் சங்கடமே வராது.

செத்துப்போன விஷயத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்றும் கேட்கலாம். 2023 ஏப்ரல் 21ந்தேதி தமிழ்நாடு சட்டசபையில் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். இடையில் பத்து நாள். அந்தப் பத்து நாளில் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேருக்குப் புல்வாருக்கு வெளியே செத்த 12 பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்? இந்தத் தேசத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முகவரி உண்டு என்றால் அதில் ஒன்று அந்தத் தெருக்கள்.

என் கவுண்டருக்கு வந்த ஆலைக் கிழவர்கள் பாஸ்புத்தகத்தை நீட்டும்போது இன்றும் பழைய டோக்கன் நம்பரைச் சேர்த்தே பெயர் சொல்வார்கள். நகைக் கடன் ரசீதைத் தேடுகிறபோது பையிலிருந்து சங்கச் சந்தாச் சீட்டு வந்து விழும். தலைவர் வ. சுப்பையா தம் நினைவுகளை எழுதிவைத்துவிட்டுப் போனார். தறியில் நின்றவனின் நினைவு அவனோடு போய்க்கொண்டிருக்கிறது. கடைசியாக வேலைபார்த்த தலைமுறைக்கே இப்போது வயதாகிவிட்டது. எனவே நான் கேட்பது அருங்காட்சியகம் அல்ல. மூடிய ஆலைகளின் ஆஜர்ப் பட்டியல்கள், சங்கங்களின் தீர்மானப் புத்தகங்கள், கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்கள் ஆகியவை கறையானுக்கும் பழைய பேப்பர்க்காரனுக்கும் போவதற்கு முன் ஓர் இடத்தில் சேர வேண்டும். அந்த மனிதர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் தங்கள் நாளை எப்படிப் பங்கிட்டார்கள் என்று சொல்வதை யாராவது உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆலை மனையில் எது எழும்பினாலும் 1936 ஜூலை 30 அதன் வாசலில் தமிழில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டும் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள். ஒரு நோட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். போகிறவர்கள் காலை பதினோரு மணிக்குப் போனால் மெதுவாகக் கதவைத் தட்டவும்.