விடை ஒன்று, வடிவம் பல

விடைக்குறிப்பில் உள்ள வடிவம் இல்லையென்று சரியான சமன்பாட்டைத் தவறென அடிப்பது கணிதத் திருத்தம் அன்று; எழுத்துக்கூட்டிப் பார்க்கும் வேலை. வலியசாலையில் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளின் விடைத்தாள்களில் இதை மீண்டும் மீண்டும் காண்பதால் எழுதுகிறேன்.

12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் ‘பீஜகணித’த்தில் அறியா எண்களுக்கு இட்ட ‘யா’, ‘கா’ என்னும் குறிகளையே இங்கே கொள்வோம். 2யா + 3கா = 6 என்பது ஒரு நேர்கோடு. அதை 6ஆல் வகுத்தால் யா/3 + கா/2 = 1. ‘கா’வைப் பிரித்தெடுத்தால் கா = 2 − (2/3)யா. கோடு ஒன்றே. முதல் வடிவம் பின்னமின்றிக் கணக்கிட உதவும். இரண்டாவது, அச்சுகளை எங்கே வெட்டுகிறது என்று காட்டும். மூன்றாவது சாய்வைச் சொல்லும்.

“ஒரே வடிவம்தான் ஒழுங்கு” என்பர். எந்த வடிவம்? சாய்வு வடிவத்தில் யா = 3 என்னும் செங்குத்துக் கோட்டை எழுதவே இயலாது. வெட்டுத்துண்டு வடிவத்தில் ஆதிப்புள்ளி வழிச் செல்லும் கோடு அடங்காது. “திருத்த நேரமில்லை” என்பதும் சாக்கு. எல்லா உறுப்புகளையும் ஒருபுறம் கொணர்ந்து, கெழுக்களின் விகிதமும் மாறிலிகளின் விகிதமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். பத்தாம் வகுப்புப் பாடநூல் மாணவனுக்குக் கற்பிக்கும் சோதனை இது. திருத்துவோர்க்கு மட்டும் விலக்கா?

வினாவே குறிப்பிட்ட வடிவத்தைக் கேட்டால் அவ்வடிவம் வேண்டும்; மறுக்கவில்லை. எல்லா மாற்றமும் செல்லும் என்றும் கூறவில்லை. யா = 2 என்பதன் இருபுறமும் ‘யா’வால் பெருக்கினால் பூச்சியம் என்னும் பொய்த்தீர்வு நுழைந்துவிடும்; பூச்சியமல்லாத எண்ணால் பெருக்கினால் தீர்வு மாறாது. எந்த மாற்றம் தீர்வைக் காக்கும், எது கெடுக்கும் என்பதே பாடம். அதைக் கைவிட்டு, வடிவத்தை மனப்பாடம் செய்விக்கிறோம்.

499இல் ஆரியபடர், சமச் செல்வமுடைய இருவரின் கணக்கில், பணத்தின் வேறுபாட்டைப் பொருள்களின் வேறுபாட்டால் வகுக்கச் சொன்னார். சமன்பாட்டை உருமாற்றித் தீர்வு காணும் விதியே அது. அந்தக் கணிதப் பகுதிக்கு நீலகண்டர் எழுதிய உரை 1930இல் இதே திருவனந்தபுரத்தில் அச்சேறியது. காந்தளூர்ச் சாலையின் பழம்பெருமை பேசும் ஊரில், உருமாற்றத் தெரிந்த குழந்தைக்குச் சிவப்பு மை!

விடைக்குறிப்பு எழுதுவோரிடம் கேட்பது ஒரே வரி: “சமானமான எவ்வடிவமும் முழு மதிப்பெண் பெறும்.” அதை எழுதுங்கள், எழுதியபடி திருத்துங்கள்.