கட்ட ஒரு கை, அவிழ்க்க ஆயிரம் கையா?

தனியொருவர் ஒரு கையொப்பத்தால் இட்ட ஆணையை, மக்கள் தெரிந்தெடுத்த மன்றம் தன் பெரும்பான்மை வாக்கினாலும் நீக்க முடியாதெனில், அந்நாட்டில் ஆள்வது சட்டமா, தனிமனிதரா? அமெரிக்காவின் எரிசக்தி விவகாரம் இக்கேள்வியை எழுப்புகின்றது.

2025 சனவரி 20 ஆம் நாள், பதவியேற்ற அன்றே, சனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தேசிய எரிசக்தி அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தார். எரிசக்தி வழங்கல் போதாது என்பது அவர் கூறிய காரணம். மின் தேவை பெருகி வருவது மெய்யே. அதற்கு வழிதேடுதல் அரசின் கடமையே. ஆனால் 2024 இல் உலகிலேயே மிகுதியாக மசகு எண்ணெயும் இயற்கை வாயுவும் எடுத்த நாடு எது? அமெரிக்காவே! அப்பிரகடனம் எரிசக்தியெனக் கொண்டவற்றுள் எண்ணெய் உண்டு, நிலக்கரி உண்டு, ஓடும் நீருங்கூட உண்டு; காற்றும் சூரிய ஒளியும் இல்லை. பசியால் வாடுகிறேன் என்பவன், இலையில் இட்ட சோற்றில் பாதியைத் தள்ளிவைப்பானா?

ஆறுகளையும் ஈரநிலங்களையும் காக்கும் சட்டம், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் ஆகியவற்றின் அவசர விதிகளைக் கொண்டு திட்டங்களுக்கு விரைந்து அனுமதி வழங்குமாறு திணைக்களங்கள் பணிக்கப்பட்டன. இதனை எதிர்த்துச் செனற்றர்கள் ரிம் கெய்ன், மாட்டின் ஹைன்றிக் ஆகிய இருவரும் தீர்மானம் கொணர்ந்தனர். பெப்ரவரி 26 இல் செனற் சபை வாக்களித்தது. ஆதரவு 47; எதிர்ப்பு 52. வாக்குகள் கட்சிவாரியாகவே விழுந்தன. ஏப்ரலில், ஆண்டுக்கணக்கில் நடைபெற்றுவந்த சுற்றாடல் ஆய்வை ஏறக்குறைய 28 நாட்களில் முடிக்கும் நடைமுறையை அந்நாட்டு உள்துறைத் திணைக்களம் அறிவித்தது. ஆற்று நீரை நம்பிப் பயிரிடுபவன் தன் ஆட்சேபத்தை எழுதி முடிக்குமுன் துளைப்பொறி நிலத்தில் இறங்கிவிடும்!

அத்தீர்மானம் வென்றிருந்தால் மட்டும் என்ன? 1976 இன் தேசிய அவசரநிலைச் சட்டப்படி, இரு சபைகளும் தீர்மானித்தாலே அவசரநிலை முடிவுறும். சனாதிபதியின் ஒப்பமின்றி இத்தகைய தீர்மானங்கள் செல்லா என வேறொரு வழக்கில் உயர் நீதிமன்றம் 1983 இல் தீர்ப்பளித்தது. 1985 இல் சட்டம் திருத்தப்பட்டது. அன்றுதொட்டு, ஆணையை நீக்கவும் ஆணையிட்டவரின் ஒப்பமே வேண்டும்! அவர் மறுத்தால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை. 2019 இல் எல்லைச் சுவருக்காக இதே சனாதிபதி பிறப்பித்த அவசரநிலையை நீக்க இரு சபைகளும் வாக்களித்தன. அவர் மறுத்தார். பிரதிநிதிகள் சபையில் 248 பேர் எழுந்து நின்றும் பயனில்லாது போயிற்று.

பரிகாரம் அறியப்படாததன்று. 30 நாட்களுக்குள் காங்கிரஸ் அங்கீகரியாத அவசரநிலை ஒழியவேண்டும் என்று சனாதிபதியின் கட்சியைச் சேர்ந்த செனற்றர் மைக் லீயே 2019 இல் மசோதா கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை.

நமது அரசியலமைப்பில் அத்தகைய விதி உண்டு. பாராளுமன்றம் 14 நாட்களுள் அங்கீகரிக்காவிடின் அவசரகாலப் பிரகடனம் தானே வீழும். ஆயின், 2011 ஓகஸ்டு வரை ஆண்டுக்கணக்காக, மாதந்தோறும் கைதூக்கி அவசரகாலத்தை நீடித்ததும் அதே பாராளுமன்றமன்றோ? அதன் கொடுமையைத் தமிழ் மக்களைவிட நன்கறிந்தவர் யார்? விதி மட்டும் போதாது. கட்சியின் கட்டளைக்கு மேலாகத் தம்மை அனுப்பிய மக்களை மதிக்கும் உறுப்பினரும் வேண்டும்.

ஆயினும் விதியே தலைகீழாயிருப்பின், நல்ல உறுப்பினரும் செயலற்று நிற்பர். ஆகவே நாம் வலியுறுத்துவது இதுவே: ஆணை நிலைக்கவேண்டுமெனில், அதனை இட்டவரே மன்றத்தின் வாயிலில் வந்து சம்மதம் கேட்கட்டும். அதனை நீக்க மக்கள் மன்றம் அவர் வாயிலில் காத்து நிற்பது சனநாயகமன்று.