நெட்டையும் குட்டையும்



“பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளை பனைமரம்போல் வளர்ந்து நிற்கிறான், நம் பிள்ளை இப்படிக் குட்டையாய் இருக்கிறானே!” என்னும் ஏக்கம், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் எழுவது இயல்பே. நெட்டை, குட்டை என இரு சொற்கள் இருப்பதால், மனிதரும் இரு வகையினர் என்று எண்ணிவிடுகிறோம். இயற்கை அவ்வாறு வகுத்துள்ளதா என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

பட்டாணிச் செடிகளைக் கொண்டு பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டல் என்னும் துறவி, அவற்றை 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்செடிகளுள் நெட்டையும் குட்டையும் தெளிவாகப் பிரிந்து நின்றன, இடைப்பட்டவை இல்லை. மனிதர் அப்படியல்லர். 1886இல் இங்கிலாந்தின் கால்ட்டன், 205 தம்பதியரின் உயரங்களையும் அவர்தம் வளர்ந்த மக்கள் 928 பேரின் உயரங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பெரும்பாலோர் நடுத்தர உயரத்தினர். இரு கோடிகளிலும் இருந்தோர் மிகச் சிலர். மிக நெட்டையான பெற்றோரின் மக்கள் பொதுவாகப் பெற்றோரினும் சற்றுக் குறைந்தும், மிகக் குட்டையானவரின் மக்கள் சற்று உயர்ந்தும் இருந்தனர்.

மெண்டலின் விதியோடு இது பொருந்துவது எங்ஙனம்? 1918இல் ரொனால்ட் ஃபிஷர் விடை பகர்ந்தார். உயரம் போன்ற குணத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து அமைக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. பன்னிரண்டு சோழிகளைக் குலுக்கி வீசிப் பாருங்கள். அனைத்தும் மல்லாந்து விழுவது அரிது. சில மல்லாந்தும் சில கவிழ்ந்தும் விழுவதே வழக்கம். உயரத்திற்கோ சோழிகள் பன்னிரண்டல்ல. 54 லட்சம் மக்களை உட்படுத்தி 2022இல் வெளிவந்த ஆய்வு, 12,000க்கு மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைச் சுட்டியது.

இவற்றோடு உணவும் உடல்நலமும் கூடுகின்றன. ஹாலந்து நாட்டாரின் சராசரி உயரம் சுமார் ஒன்றரை நூற்றாண்டில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. நல்லுணவும் நோய்த்தடுப்பும் அதற்குப் பெருங்காரணங்களாம்.

ஆகவே, நெட்டைக்கும் குட்டைக்கும் இடையே உள்ள கோடு நாம் கிழித்ததே. இத்தகைய கோடுகள் தீங்கும் விளைத்ததுண்டு. 1901ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி, மூக்கின் அளவைக் கொண்டு சாதிகளின் உயர்வு தாழ்வை விளக்க முனைந்தார். ஆனால் எந்தக் கூட்டத்தை எடுப்பினும் அதனுள்ளேயே எல்லா அளவுகளும் படிப்படியாகக் கலந்து கிடக்கக் காண்கிறோம். அளவுகோல் அளவைச் சொல்லும், மதிப்பைச் சொல்லாது.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: பிள்ளையை அண்டை வீட்டாரோடு அளவாதீர். சென்ற ஆண்டில் அவன் இருந்த உயரத்தோடு அளந்து பாருங்கள். வளர்ச்சி தடைப்பட்டதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். சீராக வளர்கிறான் எனில், குட்டை என்னும் சொல்லை அவன் செவியில் விழாமற் காப்பதே நம் கடன்.