"அசல்" என்ற சொல்லும் மொறிஸ் மைனரும்

பழைய மோட்டார் வாகன விளம்பரங்களில் "அசல் எஞ்சின்" என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு ஐயம் எழுவதுண்டு. ஹெந்தளை வீதியிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் எப்போதாவது கண்ணிற்படும் மொறிஸ் மைனர்களில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பவை எத்தனை? மிகச் சிலவே இருக்கும் என்பது என் எண்ணம். அதை ஓர் இழுக்காக நான் கருதவில்லை. மறைப்பதே இழுக்கு.

1948இல் மைனர் வெளிவந்தபோது அதிலிருந்தது 918 சிசி பக்கவாட்டு வால்வு எஞ்சின். 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் இணைந்தபின் ஒஸ்ரினின் 803 சிசி 'ஏ' வரிசை எஞ்சின் இடம்பிடித்தது. 1956இல் அது 948 சிசியாகவும் 1962இல் 1098 சிசியாகவும் வளர்ந்தது. குதிரைவலுவும் ஏறத்தாழ 30இலிருந்து 48 ஆயிற்று. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாதலால் ஒன்றின் பாகங்கள் பல மற்றொன்றிற் பொருந்தும்.

1970களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி முடங்கியபோது, இந்தப் பொருத்தமே மைனர்களைக் காப்பாற்றியது. பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்ற பாகங்களையும் கராஜ் பாஸ்மாரின் கைத்திறனையும் நம்பியே அவை ஓடின. 1990களில் மைனர் உதிரிப்பாகங்களை இங்கு செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பிய தொழிற்சாலையும் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இலேதான் தடை தளர்ந்தது. பழுதுபார்த்தே வாழ்வது நமக்குப் பழகிய கலை.

ஆனால் பூட்ட முடிவதெல்லாம் பொருந்துவதாகாது. 948இல் பிஸ்டனின் ஓட்டம் 76.2 மில்லிமீற்றர், 1098இல் 83.72. எனவே பிஸ்டனை விட்டுக் கிராங்கை மாத்திரம் மாற்ற இயலாது. 1275 சிசி எஞ்சினின் சிலிண்டர் தலையை 1098இன் மேல் வைத்தால், புகை வெளியேற்றும் வால்வு எஞ்சின் உடலில் இடிக்கும். அங்கே குடைந்து இடம்செய்ய வேண்டும். பின் அச்சின் பற்சக்கர விகிதமும் 803க்கு 5.375, 1098க்கு 4.22. பழைய அச்சை அப்படியே விட்டால் புதிய எஞ்சின் வீணே அலறும்.

இவை பணத்தோடு போகும் விடயங்கள். பிரேக் அப்படியன்று. 1098 எஞ்சினைக் கொடுத்தபோது தொழிற்சாலை முன்சக்கரப் பிரேக்கையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியது. இங்கோ, எஞ்சினை மாற்றியவர்கள் பலர் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். வேகத்தைக் கூட்டி, நிறுத்தும் வலுவைப் பழையபடி விடுவது வீதியில் நடந்துபோகும் அயலானுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே, மைனர் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு காரியங்கள் செய்யவேண்டும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். எந்த ஆண்டின் பாகம், யார், எப்போது பூட்டினார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வாகனத்தோடு வையுங்கள்.

பல ஆண்டுகளின் இரும்பு கலந்த ஒரு மைனர், இந்த நாட்டின் பஞ்ச காலங்களையும் பெயரறியாத பாஸ்மாரின் திறமையையும் சுமந்து ஓடுகிறது. விற்கும்போது அந்த உண்மையைச் சொல்லி விற்பதே அவர்களுக்கும் வாங்குபவருக்கும் நாம் செய்யும் மரியாதை.