கால் வலியும் இருதயமும்

கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து எத்திக்கில் புறப்பட்டாலும் ஏற்றமோ இறக்கமோ நடந்தே தீரவேண்டும். அவ்வாறு ஏறும் முதியவர் ஒருவர், ஆடுசதை இறுகி வலிக்க, பாதையோரம் சற்று நின்று, வலி தணிந்தபின் மீண்டும் நடப்பாராயின், மூப்பின் தளர்ச்சி என்று சொல்லி நாம் போய்விடுகிறோம். அவருக்கு நீரிழிவும் இருக்குமானால் அது பெரும்பாலும் மூப்பன்று; காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் கொழுப்புப் படிந்து குறுகிவிட்டதன் அடையாளமாகும். காலில் குறுகிய குழாய் இருதயத்தில் மட்டும் விசாலமாய் இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. இந்நோயாளிகளில் காலை இழப்போரைவிட மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் உயிரிழப்போரே அதிகம்.

சர்க்கரையைக் குறைத்தால் இருதயமும் தானே பிழைக்கும் என்று வைத்தியர்கள் வெகுகாலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை 2007-ல் ரோசிகிளிட்டசோன் என்னும் மாத்திரை குலைத்தது. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே அது மாரடைப்பை அதிகப்படுத்துகிறது என்ற சந்தேகம் எழுந்தது. 2010-ல் நம் தேசத்தில் அது தடை செய்யப்பட்டது. இதற்கிடையில் 2008-ல் அமெரிக்க ஔஷத அதிகாரிகள், புதிய நீரிழிவு மருந்து ஒவ்வொன்றும் இருதயத்துக்குத் தீங்கற்றதென்று நிரூபிக்கப்பட வேண்டுமென விதித்தனர். தீங்கைத் தேடப் புகுந்த அப்பரீட்சைகளில் ஒன்று, 2015-ல் நன்மையைக் கண்டது. சுமார் 7,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட எம்பாக்ளிஃப்ளோசின், இருதய ரோகத்தால் நேரும் மரணத்தை 38 சதவீதம் குறைத்தது. அவர்களுள் கால் இரத்தக் குழாய் நோயுள்ள சுமார் 1,460 பேரைத் தனியே ஆராய்ந்தபோது அக்குறைவு 43 சதவீதமாயிருந்தது. மிகையான சர்க்கரையையும் உப்பையும் சிறுநீர் வழியே வெளியேற்றி இருதயத்தின் சுமையை இளக்குவது இம்மருந்தின் குணம்.

செமாக்ளூடைட் என்னும் ஊசி மருந்தைப் பற்றியும் 2025-ல் ஒரு செய்தி வந்தது. நீரிழிவும் கால் நோயும் உடைய 792 பேர், 12 சதவீத ஏற்றமுள்ள நடைப்பொறியில் சோதிக்கப்பட்டனர். ஓராண்டு மருந்துக்குப் பின் அவர்கள் முன்னிலும் கூடுதல் தூரம் நடந்தனர். மலைவாசிக்கு இது இனிய செய்தியே. ஆயினும் வாரந்தோறும் ஊசி என்பதாலும் விலையாலும் அதை இப்போதைக்கு ஒருபுறம் வைப்போம்.

எம்பாக்ளிஃப்ளோசின் விஷயம் வேறு. 2025 மார்ச்சில் அதன் பேடண்டு நம் தேசத்தில் முடிவடைந்தது. ஏறக்குறைய 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரையைச் சுதேசக் கம்பெனிகள் பத்து ரூபாய்க்கும் குறைவாய் விற்கத் தொடங்கின. 1970-ம் வருஷத்துப் பேடண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே ஏகபோக உரிமை தர மறுத்தது. 2005-ல் அது திருத்தப்பட்டதன் பலனைத்தான் ஏழை நோயாளிகள் இத்தனை காலம் அநுபவித்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-லேயே இம்மருந்தை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனி விலையைக் காரணம் காட்டுவது செல்லாது.

ஆனால் மாத்திரையை மாத்திரம் கொடுத்து அனுப்பிவிடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. இவ்வினத்தைச் சேர்ந்த கேனாக்ளிஃப்ளோசினை உட்கொண்டவர்களில் கால் விரலும் பாதமும் வெட்டப்படுவது ஏறக்குறைய இரு மடங்காயிற்று என்று 2017-ல் ஒரு பரீட்சை காட்டியது. பின்வந்த ஆராய்ச்சி அதை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்கர் தம் கடுமையான எச்சரிக்கையை 2020-ல் நீக்கினர். எனினும் பாதத்தில் புண்ணுள்ளவருக்கு இதைக் கொடுக்குமுன் வைத்தியர் யோசிக்க வேண்டும். வாந்தியோ பட்டினியோ நேர்ந்த நாளில் இதை நிறுத்த வேண்டுமென்பதையும் நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் சொல்லியாக வேண்டும். கொழுப்பைத் தணிக்கும் ஸ்டாட்டினும் வேண்டும். பீடியும் புகையிலையும் ஒழிய வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீடு தேடி நீரிழிவு மாத்திரை கொண்டுவருகிறது. வருகிற ஊழியர் செருப்பைக் கழற்றச் சொல்லிப் புறங்காலில் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க எத்தனை நேரமாகும்? துடிப்புக் குன்றியவரின் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு, அது பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைந்தால் நோய் என்று முடிவு செய்யலாம். அதற்கு வேண்டிய டாப்ளர் கருவி கையில் அடங்குவது. நாமக்கல் சுகாதார அதிகாரிகள் அதையும் இம்மாத்திரையையும் செம்மேட்டுக்கு அனுப்புவார்களாக; நிற்காமல் நூறடி நடக்க இயலாதவரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும்படி சொல்ல வேண்டாம்.